ஜெரால்டின் ஈறும் தேவமணியின் பென்சிலும்

என்னிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்களைவிடத் திட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் அதிகம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும், "கமலினி டாக்டரா? கை நல்ல கை. வாய்தான்..." என்று இழுப்பார்களாம். ஆழ்வார்திருநகரியில் பாசுரம் கேட்டு வளர்ந்தவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று என் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அந்த வாயால் நான் செய்த ஒரு பெரிய தப்பைப் பற்றியும், அதைத் திருத்திய தேவமணியைப் பற்றியும்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தேவமணி என் கிளினிக்கில் உதவியாளர். பிறந்த ஊர் நாசரேத், வாழ்க்கைப்பட்டது முத்தையாபுரம். பதினொரு வருடமாக ஒரே பேருந்தில் வந்து இறங்கி, எனக்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிறாள். என்னிடம் வருவதற்கு முன் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் எடை எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்வார். எழுதுகிறவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் அது நோட்டில் ஏறும். அந்தப் பழக்கத்தை அப்படியே என் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஈறு அளப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. அதற்குப் புரோப் என்று பெயர். எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்திலிருந்து ஈறு எவ்வளவு விலகிப் போயிருக்கிறது என்பதை அதை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் எத்தனை ஆழம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் கூட்டினால்தான் பல்லைப் பிடித்திருக்கும் பிடிமானம் எவ்வளவு போயிருக்கிறது என்பது தெரியும். ஒரு பல்லுக்கு வெளியே மூன்று இடம், உள்ளே மூன்று இடம். நான் "மூணு" என்பேன். அவள் "மூணு" என்று திருப்பிச் சொல்லி, சார்ட்டிலுள்ள பல் படத்தின்மேல் சிவப்புக் கோடு போடுவாள். முப்பத்திரண்டு பல்லுக்கும் இப்படியே போகும். வாய் திறந்து படுத்திருக்கிற ஆளுக்குத் தூக்கமே வந்துவிடும்.

இதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் இதோடு நிறுத்த மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தவர் பேசுகிற ஊர்க்கதையெல்லாம் சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் ஏறிவிடும். "ஆத்தூர் அண்ணாச்சி, வெற்றிலையை விட்டு ஒரு மாதம் என்கிறார். நாக்கு சிவப்பு." "டீச்சர், மகள் கல்யாணம், இரவில் பல்லைக் கடிக்கிறாராம்." இப்படிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பாள்.

"ஏளா, இது சார்ட்டா, இல்ல உங்க தெருப் பஞ்சாயத்தா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"பென்சிலுதான டாக்டர், வேண்டாம்னா அழிச்சிக்கிடலாம்," என்றாள். ஆனால் ஒரு வரியைக்கூட அவள் அழித்து நான் பார்த்ததில்லை.

ஜெரால்டு என்னிடம் முதலில் வந்தது ஓர் ஐப்பசி மாதம். நாற்பது வயது இருக்கும். திரேஸ்புரத்துக்காரர், தொழில் சங்கு குளிப்பது. படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு எட்டுப் பாகம், பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழம் இறங்கி, அந்தக் காற்றை இழுத்தபடியே அடியில் சங்கு தேடுவார்கள். கேட்கும்போதே எனக்கு மூச்சு முட்டியது.

"மேல இடது பக்கம் பல்லு கூசுது டாக்டரம்மா. காத்து இழுத்தா சுருக்குன்னு ஏறுது," என்றார்.

பார்த்தேன். கோரைப்பல்லிலும் அதற்குப் பின்னாலிருந்த இரண்டு பல்லிலும் ஈறு விலகி வேர் தெரிந்தது. கீழ்வரிசையிலும் அதே இடத்தில் கொஞ்சம் விலகியிருந்தது. மனுஷர் வலதுகைக்காரர். வலதுகைக்காரர்கள் அழுத்தித் தேய்த்தால் இடது பக்கக் கோரைப்பல்தான் முதலில் அடி வாங்கும். இது கல்லூரிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

"எதை வச்சுத் தேய்க்கீங்க?"

"உப்புதான். எங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்?"

போதாதா எனக்கு! கால் மணி நேரம் திட்டித் தீர்த்தேன். மென்மையான பிரஷ் கொடுத்து, எப்படித் தேய்க்க வேண்டும் என்று மாடலில் காட்டி, கூச்சத்துக்கு மருந்து தடவி அனுப்பினேன். கோரைப்பல்லில் ஈறு விலகல் இரண்டு மில்லிமீட்டர். "ரெண்டு," என்றாள் தேவமணி.

சித்திரையில் மறுபடியும் அளந்தபோது மூன்று. திட்டினேன். ஐப்பசியில் வந்தபோதும் அதே மூன்று. ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன். அடுத்த சித்திரையில் வந்தார். கம்பியை வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.

"அஞ்சு."

"அஞ்சா டாக்டர்?"

"அஞ்சுதான் எழுது!"

எனக்கு அப்போது எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. ஒரு டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒன்றரை வருடமாக என்னையே ஏமாற்றுகிறாரே என்று தோன்றியது. கதவு திறந்தே கிடந்தது. வெளியே ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜெரால்டு, நீங்க பொய் சொல்லுதீங்க. இன்னும் உப்பைப் போட்டுத்தான் உரசுதீங்க. இப்படியே போனா இந்த மூணு பல்லும் கையோட வந்துரும். நான் என்ன வைத்தியம் பாத்தாலும் பிரயோஜனம் இல்ல!"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "நீங்க தந்த பிரஷ்லதான் தேய்க்கேன் டாக்டரம்மா," என்றார் மெதுவாக. நான் கையுறையைக் கழற்றிக் குப்பையில் எறிந்தேன். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, வெளியே இருந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் மனைவி ஷெர்லி போன் பண்ணினாள். தேவமணிதான் எடுத்தாள். அடுத்த தடவைக்குக் குறித்திருந்த தேதியை ரத்து செய்ய வேண்டுமாம். நாளைக்குக் காலையில் வேறோர் இடத்தில் மேலே உள்ள மூன்று பல்லையும் பிடுங்கப் போகிறாராம்.

"எதுக்கு இப்படி அவசரப்படுதிய?" என்று தேவமணி கேட்டிருக்கிறாள்.

"எப்படியும் போற பல்லுதானன்னு சொல்லுதாரு அக்கா. பிடுங்கிட்டா கூச்சமும் நின்னுரும், இனி குழாய வலது பக்கம் கடிச்சிக்கிடுவேன்னு சொல்லுதாரு. அங்கன அடியில வச்சுச் சுருக்குன்னு ஏறும்போது வாய் தானாத் திறந்துருதாம். போன வாரம் ஒரு தடவ குழாயே நழுவிட்டாம். எனக்கு ஈரக்கொலையே நடுங்குது."

போனை வைத்த தேவமணி நேராக உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஜெரால்டின் சார்ட் நான்கையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், கொஞ்சம் இங்கன வாங்களேன். இந்த ஓரத்த வாசிங்க."

பென்சில் எழுத்து. முதல் ஐப்பசி: "இனிமேல்தான் குளிக்கப் போவார்." சித்திரை: "ஆறு மாதம் நல்ல குளிப்பு, நேற்றுக்கூடப் போனார்." அடுத்த ஐப்பசி: "தென்மேற்குக் கச்சான் காற்று, தண்ணீர் கலங்கல், ஆறு மாதமாகக் குளிப்பு இல்லை. வலைக்குப் போகிறார்." கடைசிச் சித்திரை: "இந்த வருடம் கடல் தெளிவு, ஒருநாள்கூட விடவில்லை."

"ரெண்டு, மூணு, மூணு, அஞ்சு," என்றாள் தேவமணி. "குளிக்கப் போன ஆறு மாசம் ஈறு விலகுது. போகாத ஆறு மாசம் அப்படியே நிக்குது. பல்லு தேய்க்குறது வருசம் பூராவும் உண்டுல்லா டாக்டர்? கச்சான் காத்துல யாரும் பல்லு தேய்க்காம இருக்காவளா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சார்ட்டை இழுத்துவைத்து, எடுத்து வைத்திருந்த போட்டோக்களையும் பார்த்தேன். பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தவர்களுக்கு ஈறு மட்டும் போகாது. பல்லின் கழுத்திலும் வெட்டு விழும். ஜெரால்டுக்கு ஒரு பல்லில்கூட வெட்டு இல்லை. மேலே எந்த மூன்று பல்லோ, கீழே அதற்கு நேராக அதே மூன்று பல். வாயில் வேறெங்கும் ஒன்றுமில்லை. எதையோ கடித்த அளவுக்கு மட்டும் ஈறு போயிருந்தது. எல்லாம் என் கண் முன்னால்தான் ஒன்றரை வருடமாக இருந்தது. உப்பு என்று கேட்ட நிமிஷமே என் மூளைக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

"பாவி, நான் அந்த மனுஷனைப் பொய்யன்னுட்டேனே," என்றேன்.

"அத அப்புறமாச் சொல்லுங்க. இப்ப ஆட்டோவக் கூப்பிடவா?"

வெயில் தாழ்ந்த நேரம் திரேஸ்புரம் போய்ச் சேர்ந்தோம். ஜெரால்டு வாசலில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. ஷெர்லிதான் நாற்காலியை எடுத்துப்போட்டாள்.

நான் உட்காரவில்லை. "ஜெரால்டு, தப்பு என்மேலதான். நீங்க பொய் சொல்லல. நான் சரியாப் பாக்காம வாயில வந்ததச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க," என்றேன்.

அவர் கையிலிருந்த குழாயைக் கீழே வைத்தார். பிறகு, "நீங்க சொன்னது வெளிய இருந்த எல்லாத்துக்கும் கேட்டுது டாக்டரம்மா. இது எனக்கு மட்டும்லா கேக்குது," என்றார்.

"நாளைக்கு அங்கனயே வந்து நில்லுங்க, எல்லாத்துக்கும் கேக்கும்படியாச் சொல்லுதேன்."

அவர் முகம் கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்து தேவமணி நடுவில் புகுந்தாள். "அண்ணாச்சி, இந்தக் குழாய எப்படிக் கடிப்பிய? ஒரு தடவ கடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

குழாயின் நுனியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பழைய டயரிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு துண்டை நுனியில் மாட்டி, அதைச் செம்புக் கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தது.

"இது என்னது?"

"இது என் ஏற்பாடு," என்றார் ஜெரால்டு, அதுவரை இல்லாத உற்சாகத்தோடு. "மூணு வருசம் முந்தி நீரோட்டத்துல குழாய் வாயிலருந்து உருவிட்டு. அதுக்கப்புறம்தான் இத மாட்டுனேன். எப்படி இழுத்தாலும் நழுவாது. ஊர்ல வேற யாருக்கும் இந்த யோசனை வரல." கூச்சத்தில் வாய் தானே திறந்தாலொழிய, என்று ஷெர்லி முணுமுணுத்தாள்.

அவர் இடது பக்கத்தில் கடித்துக் காட்டினார். போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். டயர் வளையத்தின் விளிம்பும் கம்பியின் முறுக்கும் மேலே மூன்று பல், கீழே மூன்று பல் ஈறுமேல் கச்சிதமாக உட்கார்ந்தன. தேவமணி குழாயைப் பிடித்து, நீரோட்டம் இழுப்பதுபோல் லேசாக இழுத்தாள். வளையம் ஈறை அழுத்தியது, ஈறு வெளுத்தது. நாள் ஒன்றுக்கு நாலைந்து மணி நேரம், ஆறு மாதம்! மூச்சு போகாமல் இருக்க அவரே செய்துகொண்ட வளையம் அவர் ஈறைத் தின்றுகொண்டிருந்தது.

"பிடுங்கிட்டு வலது பக்கம் கடிச்சிருந்தா?" என்று ஷெர்லி கேட்டாள்.

"ரெண்டு வருசத்துல அந்தப் பக்கமும் போயிருக்கும்மா. அதுக்கப்புறம் கடிக்கப் பல்லு ஏது?" என்றேன்.

ஜெரால்டு குழாயை மடியில் வைத்துக்கொண்டு அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தியை எடுத்து வந்து, கம்பியை அறுத்து, டயர் துண்டைக் கழற்றி தேவமணியிடம் கொடுத்தார். "நாளைக்குப் பல்லு பிடுங்கப் போகல," என்றார். ஷெர்லி அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை அவர் வந்தார். வெளியே ஒன்பது பேர் இருந்தார்கள். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அவரைப் பொய்யர் என்று சொன்னது என் தப்பு என்று சத்தமாகச் சொன்னேன். ஒரு பாட்டையா, "டாக்டரே மன்னிப்புக் கேக்குதாவளே, மழ வந்துரும் போல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஜெரால்டும் சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

ஆடியில், கச்சான் காற்று அடித்துக் கடல் கலங்கிக் கிடந்த நேரத்தில், மேலண்ணத்திலிருந்து சிறிது சதை எடுத்து அந்தக் கோரைப்பல்லின் வேரை மூடித் தைத்தேன். மற்ற பற்களுக்கு அது தேவைப்படவில்லை, உரசல் நின்றால் போதும் என்றிருந்தது. பல்லுக்கு அளவெடுத்து, வாய் முழுவதற்கும் பொருந்துகிற மாதிரி மெத்தென்ற கடிப்பான் ஒன்றையும் செய்யச் சொன்னேன். ஈறில் படாமல், கடிக்கிற பாரத்தை எல்லாப் பல்லுக்கும் பகிர்ந்து கொடுக்கிற மாதிரி. குழாய் அதன் நடுவில் மாட்டிக்கொள்ளும். முதலில் வந்தது குமட்டுகிறது என்றார். இரண்டாவது பேச வரவில்லை என்றார். "அடியில போயி யார்கிட்ட வே பேசப் போறீரு?" என்று நான் கேட்டேன். மூன்றாவது சரியாக உட்கார்ந்தது. கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் ஒரு வாரம் கடித்துப் பழகிவிட்டு ஆழத்துக்குப் போனார்.

சீசன் முழுக்க எனக்கு நிம்மதியில்லை. தைத்த சதை நிற்குமா, அந்தக் குளிர்ந்த காற்று பட்டு மறுபடி கூசுமா, அடியில் வாய் திறந்துவிடுமா என்றெல்லாம் யோசனை ஓடும். தேவமணியிடம் கேட்டால், "ஷெர்லிகிட்ட வாரத்துக்கு ஒரு தடவ போன்ல கேக்கேன் டாக்டர். ஒண்ணும் இல்லயாம்," என்பாள். வாரம் தவறாமல் கேட்டிருக்கிறாள், நான் சொல்லாமலே.

போன சித்திரையில் ஜெரால்டு வந்தார். ஆறு மாதமும் விடாமல் குளித்துவிட்டு வந்திருந்தார். படுக்கவைத்து, விளக்கை இழுத்து, கம்பியை எடுத்தேன். இருபத்தாறு வருடமாகப் பிடிக்கிற கம்பிதான். அன்றைக்கு அதன் கோடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

கீழ்வரிசையிலிருந்து தொடங்கினேன். எந்தப் பல்லிலும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. மேலே பின்னாலிருந்த இரண்டிலும் பழைய அளவேதான். கடைசியாகக் கோரைப்பல். தையல் ஆறியதும் அளந்தபோது அது ஒன்றில் நின்றிருந்தது.

"ஒண்ணு," என்றேன்.

தேவமணி நாற்காலியை ஒட்டி வந்து அந்தப் பல்லை எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு," என்றாள் பிறகு. அதைவிட நல்ல எண் ஒன்றை அந்த அறையில் நான் கேட்டதில்லை.

ஜெரால்டு எழுந்து வாய் கொப்பளித்தார். "அடியில நிக்கும்போது பல்லுன்னு ஒண்ணு இருக்குங்குற நெனப்பே வரல டாக்டரம்மா," என்றார்.

"அத என்கிட்டச் சொல்லாதீங்க. அந்தா நிக்கா பாருங்க, அவகிட்டச் சொல்லுங்க," என்றேன்.

அவர் தேவமணி பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நாங்க கீழ போகும்போது மேல குழாயப் பிடிச்சிட்டு நிக்க மச்சானத்தான் வைப்போம். பொண்டாட்டி கூடப்பொறந்தவன். ஏன் தெரியுமா? கீழ இருக்கவனுக்கு ஒண்ணுன்னா தாலி அறுக்குறது அவன் தங்கச்சில்லா? அதனால கண்ண அசர மாட்டான்." அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "நீ எனக்கு என்ன வேணும்? சொந்தமா, பந்தமா? நீ எதுக்கும்மா பிடிச்சிட்டு நின்ன?"

தேவமணிக்கு இப்படியெல்லாம் பேசினால் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டில் கிடந்த பஞ்சையெல்லாம் பொறுக்கினாள்.

"நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றாள். "தெரிஞ்சிட்டு எப்படிச் சும்மா இருக்க?"

என்னைப் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்குத்தான் அது முதலில் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆளை நானே கதவருகே போய், மெதுவான குரலில் கூப்பிட்டேன்.